நடந்தால் காலாங் கரையில் நடக்கணும்!

சிங்கப்பூர் போய் வந்தவர்களிடம் ஊரில் கேட்கிற கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். மெர்லயன் பார்த்தீங்களா? செந்தோசா போனீங்களா? முஸ்தபாவில் என்ன வாங்கினீங்க? பார்த்தேன், போனேன், வாங்கினேன். ஆனால் அந்த ஊரில் என் மனசைக் கொள்ளை கொண்டது ஓர் ஆற்றங்கரைப் பாதை. டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது, இழுத்துப் பூட்டுகிற கேட்டும் கிடையாது. பீஷான் பூங்காவிலிருந்து கிளம்பி, தோ பாயோ, பொத்தோங் பாசிர், காலாங் பாரு என்று குடியிருப்புகளின் கொல்லைப்புறமாகவே வந்து, கடைசியில் கடலோரத்தில் மரினா அணைக்கட்டு வரை கூட்டிக்கொண்டு போகிற காலாங் ஆற்றங்கரைப் பாதை. வாழ்நாளில் நான் நடந்த வழிகளில் இதற்கு நிகராக ஒன்றைச் சொல்லச் சொன்னால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும், யோசித்தாலும் கிடைக்காது.

நான் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் நல்லூர்க்காரன். பீங்கான் பட்டறையில் அச்சில் களிமண் ஊற்றியும், ஜாடிக்குக் கிளேஸ் பூசியும், சூளைக்குக் காவல் இருந்தும் வயசைக் கழித்தவன். மகளும் மாப்பிள்ளையும் தோ பாயோவில் இருக்கிறார்கள். பேத்தியைப் பார்க்கப் போன இடத்தில், “சும்மா வீட்டுக்குள்ளயே உட்காராதீங்க மாமா, கீழ இறங்கி ஆத்தோரமா நடந்துட்டு வாங்க” என்று மாப்பிள்ளைதான் முதலில் வழி காட்டினார். அன்றைக்குத் தொற்றிக்கொண்டது இந்தப் பைத்தியம். அங்கே இருந்தவரை விடியற்காலையானால் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

காலாங் பெரிய ஆறு ஒன்றும் இல்லை. சிங்கப்பூரிலேயே நீளமான ஆறு என்கிறார்கள். ஆனால் மொத்த நீளமே சுமார் 10 கிலோமீட்டர்தான். காட்டுக்குள் இருக்கிற லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் பிறந்து, ஊரின் நட்டநடுவே இறங்கி, காலாங் முகத்துவாரத்தில் கலக்கிறது. நம் ஊர்க் கணக்கில் ஓடை. அந்த ஓடைக்கு இருபுறமும் இரண்டு கிலோமீட்டருக்குள் மட்டும் சுமார் 8 லட்சம் பேர் குடியிருக்கிறார்கள் என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் கணக்குச் சொன்னது. எட்டு லட்சம் பேர் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற தண்ணீர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அங்கேயும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, பட்டறைக் கழிவு, அங்காடிக் கழிவு எல்லாம் ஆற்றில்தான். 1977இல் லீ குவான் இயூ, பத்து வருஷத்துக்குள் இந்த ஆறுகளில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று அதிகாரிகளுக்குக் கெடு வைத்தார். பண்ணைகளை அப்புறப்படுத்தினார்கள், கரையோரக் குடிசைவாசிகளுக்கு அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள், நடைபாதைச் சாப்பாட்டுக் கடைக்காரர்களை உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றினார்கள், ஆற்றின் அடியைத் தூர்வாரினார்கள். சொன்னபடி 1987இல் வேலை முடிந்தது.

தண்ணீர் சுத்தமானாலும் ஆறு ஆறாக இல்லை. வெள்ளத்துக்குப் பயந்து இருபுறமும் அடியிலும் கான்கிரீட் போட்டு நேர்க்கோடாக ஓடவிட்ட கால்வாயாகத்தான் இருந்தது. பீஷான் பூங்காவின் ஓரத்தில் அப்படி 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் கால்வாய். பூங்கா 1988இல் திறந்ததிலிருந்து, இந்தப் பக்கம் பூங்கா, நடுவில் வேலி போட்ட கால்வாய், அந்தப் பக்கம் குடியிருப்பு வீடுகள் என்று பிரிந்தே கிடந்ததாம்.

அந்தக் கால்வாயை உடைத்தார்கள்! நினைத்துப் பாருங்கள், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கால்வாயை இடித்துப் போட்டுவிட்டு, ஆற்றை அதன் இஷ்டத்துக்கு வளைந்து வளைந்து ஓடும்படி பூங்காவுக்குள்ளேயே இழுத்துவிட்டார்கள். 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய் 3.2 கிலோமீட்டர் நெளிந்தோடும் ஆறாக மாறியது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் கைகோத்துச் செய்த வேலை. வடிவமைத்தவர் ஹெர்பர்ட் டிரைசைட்டில் என்ற ஜெர்மானியரின் குழு. 62 ஹெக்டேர் பூங்கா, 2012 மார்ச்சில் திறந்தார்கள். அந்த வருஷமே உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த நிலக்காட்சி வடிவமைப்பு என்ற விருதும் வந்துவிட்டது.

விருதை விடுங்கள். கரையில் உட்கார்ந்து அந்த மண்ணைப் பாருங்கள். மண்ணில் பிழைத்தவன் என்பதால் எனக்குக் கண் முதலில் அங்கேதான் போனது. ஈரக் களிமண் தண்ணீரைக் கண்டால் கரையும் என்பது எங்கள் பட்டறையில் சின்னப் பையனுக்கும் தெரியும். கான்கிரீட் இல்லாமல் இந்தக் கரை எப்படி நிற்கிறது? குனிந்து பார்த்தால் விஷயம் புரிகிறது. தண்ணீரோரம் தென்னை நாரை இறுக்கிக் கட்டிய உருளைகளில் நாணல் நட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே கற்களை அடுக்கி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே போத்துக் குச்சிகளைச் செருகி, அவை வேர்விட்டுக் கல்லைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இன்னும் மேலே துணியில் மண்ணைப் பொதிந்து படிப்படியாக ஏற்றி, அதன்மேல் செடி. நார் ஒரு நாள் மட்கிப் போகும்; அதற்குள் வேர் கரையை ஏற்றுக்கொள்ளும். இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் எது தாங்கும் என்று தெரிந்துகொள்ள, 2009இல் பூங்காவிலேயே 60 மீட்டர் ஓடையில் பத்து விதமாகக் கரை கட்டிப் பார்த்து, தேறிய ஏழு முறைகளைத்தான் ஆற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். புதுக் கலவை ஒன்றைச் சூளையில் ஏற்றும் முன் நாங்களும் முதலில் சின்ன வில்லையைத்தான் சுட்டுப் பார்ப்போம். வேலை தெரிந்தவர்கள் எந்த ஊரானாலும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள் என்று அந்தக் கரையில் உட்கார்ந்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

உடைத்த கான்கிரீட்டையும் வீணாக்கவில்லை. பழைய கால்வாயின் பாளங்களைக் குவித்து ஒரு குன்று எழுப்பியிருக்கிறார்கள். ஏறி நின்றால் ஆறு மொத்தமும் காலடியில் வளைந்து கிடக்கிறது. பாளத்தின் வெட்டு முகத்தில் கை வைத்தால் ஜல்லி நெருடும். ஆற்றைச் சிறைவைத்திருந்த சுவர், இப்போது குழந்தைகள் ஏறி நின்று ஆற்றைப் பார்க்கிற மேடு!

ஆற்றின் குறுக்கே கற்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள், தாண்டித் தாண்டி அக்கரை போக. பேத்திக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் உலகத்தில் இல்லை. கல்லின்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பாள். குப்பிக் குஞ்சு மீன்கள் கூட்டமாக ஓடும். நம் ஊர் ஏரியில் பிடிக்கிற ஜிலேபிக் கெண்டையும் அங்கே நீந்துகிறது. எட்டு லட்சம் பேர் மத்தியில் ஓடுகிற ஆற்றில் ஒரு குழந்தை கையை விட்டு அளைகிறது, பக்கத்தில் நிற்கிற தாத்தாவுக்குப் பயமே வரவில்லை. இந்த ஒன்றுக்காகவே நான் அந்த ஊருக்குக் கும்பிடு போடுவேன்.

மழை நாளில் அதே இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கேயும் நமக்கு வருகிற வடகிழக்குப் பருவமழைதான். பெய்தால் கொட்டு கொட்டென்று கொட்டும். கறுத்துக்கொண்டு வரும்போதே கரையிலுள்ள விளக்குகள் மின்னும், சங்கு ஊதும், ஒலிபெருக்கியில் கரையை விட்டு மேலே ஏறச் சொல்வார்கள். தண்ணீர் மட்டத்தை உணர்கிற கருவிகள் எல்லாம் ஆற்றிலேயே இருக்கின்றன. எல்லாரும் மேலே ஏறிக் கொட்டகைக்குள் நிற்போம். காலையில் புல் தரையாகப் பார்த்த இடத்தின் மேல் ஆறு ஏறிப் பரவும். பழைய கால்வாய் சுமார் 20 மீட்டர் அகலம்தான். இப்போது வெள்ளம் வந்தால் ஆறு 100 மீட்டர் வரை விரிந்துகொள்ள இடம் விட்டிருக்கிறார்கள். கால்வாய் தாங்கியதைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் வெள்ளத்தை இந்த மண்கரை ஆறு தாங்குகிறது. மழை விட்டதும் தண்ணீர் வடியும், மறுபடி புல்வெளி, மறுபடி பந்து விளையாட்டு. ஆற்றுக்கு அதன் புறம்போக்கைத் திருப்பிக் கொடுத்தால் அது யார் வீட்டுக்குள்ளும் வராது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு நாள் கரையில் புல் வெட்டிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு மிஷினை நிறுத்தினார்.

“ஐயா, ஊருல எங்க?”

“விருத்தாசலம் பக்கம், நல்லூர்.”

“நான் பண்ருட்டிங்க! நம்ம பக்கந்தான்.”

கொஞ்ச நேரம் பலாப்பழக் கதை. பிறகு நான் கேட்டேன், ஏன் தண்ணீரோரம் இவ்வளவு புல்லை வெட்டாமல் விட்டிருக்கிறாய் என்று. “அதைத் தொடக் கூடாதுங்கய்யா. வேர் நின்னாதான் கரை நிக்கும். மேல மட்டும்தான் வெட்டணும்” என்றார். என்ன அழகாகச் சொன்னார்! அந்த ஆற்றங்கரை நேர்த்தியாக இருப்பதில் நம் கடலூர் மாவட்டத்துக் கைகளுக்கும் பங்கு இருக்கிறது என்று நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது.

நீர்நாயைச் சொல்லாமல் போனால் பேத்தி என்னை மன்னிக்க மாட்டாள். நம் காவிரியில் இருக்கிறதே, அதே இனம்தான். சிங்கப்பூரில் ஒரு காலத்தில் காணாமலே போய், ஆறுகள் சுத்தமான பிறகு திரும்பி வந்தவை. பீஷான் பூங்காவில் குடியேறிய குடும்பம் ஒன்று ஊரறிந்த பிரபலம். விடிகிற நேரத்தில் ஐந்தாறு தலைகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரிசையாக வந்தன. முன்னே வந்தது மீனோடு கரையேறியது. பின்னால் வந்த குட்டிகள் கீச்சுக் கீச்சென்று அதன்மேல் விழுந்து பிடுங்கின. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள், ஓடி வந்தவர்கள் நின்றார்கள், ஒரு சீனப் பாட்டி தன் கைத்தடியால் என் பேத்திக்குக் குட்டியைக் காட்டிக் கொடுத்தார். பாட்டிக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேரும் அன்றிலிருந்து பார்த்தால் கையசைப்போம். உடும்பு உண்டு, நாரை உண்டு, மீன்கொத்தி உண்டு. விடியுமுன் குயில் கூவுகிற கூவல் பன்னிரண்டாவது மாடி வரை கேட்கும்.

பூங்காவைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அங்கிருந்து வெளியேறுகிற பாதைதான். அழகான பூங்கா எத்தனையோ ஊரில் இருக்கிறது. காரிலோ பஸ்ஸிலோ போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். இங்கே பூங்கா உங்களைத் தேடி வீட்டு வாசலுக்கு வருகிறது! ‘பூங்கா இணைப்புப் பாதை’ என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் யோசித்து, முதல் துண்டை 1995இல் இதே காலாங் ஆற்றங்கரையில், பீஷான் சாலைக்கும் பிராடல் சாலைக்கும் நடுவேதான் போட்டார்கள். இன்றைக்கு அந்தத் தீவு முழுக்க 300 கிலோமீட்டருக்கு மேல் இப்படி இணைப்புப் பாதைகள். 2030க்குள் 500 கிலோமீட்டர் என்று குறி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சின்ன நாட்டில், நிலம் தங்கத்தைவிட விலை போகிற ஊரில், இதற்கு இடம் எங்கே கிடைத்தது? இந்தக் கேள்வியை நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்க வேண்டும், பதிலையும் தெரிந்துகொள்ள வேண்டும். கால்வாய் என்று இருந்தால் அதன் ஓரத்தில் தூர்வாரவும் பழுதுபார்க்கவும் வண்டி போய்வர ஒரு பட்டை நிலம் விட்டிருப்பார்கள். வருஷத்தில் சில நாள் தவிர அது சும்மா கிடக்கும். அந்தப் பட்டையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆறு மீட்டர் கிடைத்தால் போதும்: நாலு மீட்டர் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும், இரண்டு மீட்டர் மரத்துக்கு. யாருடைய வீட்டையும் இடிக்கவில்லை, யாருடைய வயலையும் எடுக்கவில்லை. தூர்வாருகிறவர்களுக்கும் அதே வழி, நடக்கிறவர்களுக்கும் அதே வழி. இவ்வளவு எளிய யோசனையால் ஒரு நாடே ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

பீஷானைத் தாண்டினால் ஆறு மறுபடி கான்கிரீட் சுவருக்குள் போகிறது. ஆனாலும் பாதை விட்டுப் போவதில்லை. இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள் குடை பிடிக்கின்றன. கடலூர்ச் சாலையில் எங்கள் சின்ன வயசில் பார்த்த அதே மரம். அடுக்குமாடி வீடுகளின் பின்பக்கம் முழுக்க இந்தப் பாதையைப் பார்த்தபடி இருக்கிறது. கொடிக்கம்பத்தில் துணி காய்கிறது, யாரோ வெங்காயம் தாளிக்கிற வாசனை வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இதே வழியில் போகிறார்கள். சக்கர நாற்காலியில் பெரியவரை உட்கார வைத்துப் பணிப்பெண் தள்ளிக்கொண்டு வருகிறார். சூப்பர் மார்க்கெட் பையோடு ஒரு மலாய் அம்மா. சைக்கிளில் வேலைக்குப் போகிற பையன். உடற்பயிற்சிக்காக என்று தனியாகக் கிளம்பி வந்தவர்கள் அதில் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். போகிற வழி இதுவாக இருப்பதால் போகிறார்கள். அதுதான் இதன் வெற்றி என்பேன். நடக்கிற வழி நிழலாகவும் மேடு பள்ளம் இல்லாமலும் இருந்தால், நடக்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுத வேண்டிய அவசியமே இல்லை.

பொத்தோங் பாசிர் பக்கம் வந்தால் ஆறு கொஞ்சம் விரிகிறது. ஒரு காலத்தில் காய்கறித் தோட்டங்களாக இருந்த இடம். பாதையை விட்டுச் சற்று உள்ளே போனால் சிவதுர்கா ஆலயம். வெள்ளிக்கிழமை காலையில் நடையோடு தரிசனமும் ஆகிவிடும். அங்கிருந்து காலாங் பாரு, தொழிற்பேட்டைகள், கோலம் ஆயர். கோலம் ஆயரில் மிதவை மேடை போட்டு, நீர்ச்சக்கரம் சுழலவிட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் சாயங்காலம் அங்கே உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். எச்சரிக்கைப் பலகைகளில் ஆங்கிலம், சீனம், மலாயோடு நம் தமிழும் இருக்கும். அந்த எழுத்தைக் கடல் தாண்டி ஓர் ஆற்றங்கரையில் படிக்கிற சுகம் இருக்கிறதே, அதைப் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

விரைவுச்சாலைகளும் பெரிய சாலைகளும் குறுக்கிடும் இடங்களில் நான் போனபோது ஓட்டம் கொஞ்சம் அறுந்துபோனது. ஏறி இறங்கிக் கடக்க வேண்டியிருந்தது. அதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. பீஷானிலிருந்து நகரம் வரை சைக்கிளை விட்டு இறங்காமலே போக, சுரங்கவழியும் பாலமும் போட்டுக் கோக்கும் திட்டத்தை 2017இலேயே மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்டார்கள்.

காலாங் முகத்துவாரம் வந்ததும் வானம் திடீரென்று திறந்துகொள்ளும். 1956இல் கட்டிய மெர்டேக்கா பாலம் ஒரு பக்கம், விளையாட்டு அரங்கத்தின் பெரிய கூரை ஒரு பக்கம், தண்ணீரில் துடுப்புப் படகுகள். மன்மத காருணீஸ்வரர் ஆலயமும் இங்கே காலாங் சாலையில்தான். பிறகு கரையோரமாகவே வளைந்து, தோட்டங்களைத் தாண்டி, மரினா அணைக்கட்டு. 2008இல் திறந்த இந்த அணை கடலை வெளியே நிறுத்தி, உள்ளே வருகிற ஆற்று நீரையெல்லாம் நன்னீராகத் தேக்குகிறது. தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்கிற மழை இங்கே வந்து சேர்கிறது. அதாவது, பேத்தி கையை விட்டு அளைந்த அந்தத் தண்ணீர், சுத்திகரித்த பிறகு அவள் வீட்டுக் குழாயில் குடிநீராக வருகிறது. ஆற்றில் குப்பை போட அங்கே ஏன் யாருக்கும் மனசு வரவில்லை என்பது எனக்கு அந்த அணையின் மேல் நின்றபோதுதான் முழுசாகப் புரிந்தது. குடிக்கிற தண்ணீரின் ஓரமாகத்தான் தினமும் நடக்கிறார்கள். அணைக்கட்டின் கூரையே ஒரு புல்வெளி. சாயங்காலம் அங்கே பட்டம் விடுகிற கூட்டத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்!

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பீஷான் எம்ஆர்டி நிலையத்திலிருந்து பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே விடிவதற்கே ஏழு மணி ஆகிவிடும். வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் புழுக்கம் தாங்காது. குடையும் தண்ணீரும் கட்டாயம். ஒரே மூச்சில் கடல் வரை போக வேண்டும் என்று இல்லை. இன்றைக்குப் பூங்கா, நாளைக்குப் பொத்தோங் பாசிர் வரை, இன்னொரு நாள் முகத்துவாரம் என்று பிரித்துக்கொள்ளலாம். களைத்துப் போனால் வழியில் எங்கே விலகினாலும் ஒரு கோப்பிக்கடை இருக்கும். ஒரு தே தாரிக், ஒரு பரோட்டா. கால் வலி பறந்துபோகும். முட்டிவலிக்காரர்கள் தயங்கவே வேண்டாம், வழியெல்லாம் உட்கார இடம் உண்டு. சைக்கிள்காரர்கள் மணியடித்தால் இடப்பக்கம் ஒதுங்குங்கள், அவ்வளவுதான்.

உலகத்தில் வேறு ஊர்களும் இந்த வழிக்கு வந்துவிட்டன. சியோல் நகரத்தில் மேம்பாலச் சாலையையே பிரித்துப் போட்டுவிட்டு, அடியில் புதைந்து கிடந்த சியோங்கியேசியோன் ஓடையை 2005இல் மீட்டார்கள். நம் ஈழத்துச் சொந்தங்கள் நிறைந்திருக்கிற டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஹைலண்ட் கிரீக் ஓடையோரம் பூங்காக்களைக் கோத்தபடி ஏரி வரை பாதை போகிறது. நம் மாநிலத்திலேயே கோவையில் உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் கரையைச் சீர்செய்து நடைபாதை போட்டதும் ஊரே அங்கே திரண்டது. சென்னையில் அடையாறு கழிமுகத்தின் ஒரு பகுதியை 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவாக 2011இல் மீட்டெடுத்தார்கள். ஆக, நமக்குச் செய்யத் தெரியாத வேலை இல்லை. நாம் ஒவ்வொரு குளத்தையும் தனித்தனியாகச் செய்கிறோம். அவர்கள் ஒன்றை இன்னொன்றோடு கோத்துவிட்டார்கள். அந்தக் கோக்கிற வேலைதான் பாக்கி.

எங்கள் மணிமுத்தாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வராயன் மலையில் பிறந்து வருகிறது. எங்கள் நல்லூரில் கோமுகியும் அதனோடு வந்து கூடுகிற இடத்தில் வில்வவனேஸ்வரர் கோயில் கொண்டிருக்கிறார். கீழே விருத்தாசலத்தில் பழமலைநாதர். சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன்னை இந்த ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது தமிழ்நாடே அறிந்த கதை. மாசிமகத்துக்கு எத்தனை ஊர் ஜனம் இந்தக் கரையில் வந்து இறங்குகிறது! பெருமைக்கு எந்த ஆற்றுக்கும் குறைந்தது இல்லை. ஆனால் மாசிமகம் முடிந்த மறுநாள் அந்தக் கரையில் ஒரு கிழவன் நிம்மதியாக நடக்க வழி இருக்கிறதா? சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. இருந்தாலும் கரை இருக்கிறது, புறம்போக்கு இருக்கிறது, பொதுப்பணித்துறை ஜீப் போய்வந்த தடம் இருக்கிறது. காலாங்கில் அவர்கள் கையில் இருந்ததும் இதேதான்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பழமலைநாதர் கோயில் படித்துறையிலிருந்து, கொளஞ்சியப்பர் இருக்கிற மணவாளநல்லூர்ப் பக்கமாக, கரையோரம் முதலில் ஒரே ஒரு கிலோமீட்டர். கான்கிரீட் வேண்டாம், டைல்ஸ் வேண்டாம். கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு மண்ணைக் கெட்டித்து, ஒரு பக்கம் புங்கனும் பூவரசும் நீர்மருதும் வைத்தால் போதும். தண்ணீரோரம் கோரையையும் நாணலையும் தொடாமல் விட வேண்டும். பண்ருட்டித் தம்பி சொன்ன மாதிரி, வேர் நின்றால்தான் கரை நிற்கும். கோயிலுக்குப் போகிறவர்கள் நடப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடப்பார்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடப்பார்கள். அந்த ஒரு கிலோமீட்டரைப் பார்த்துவிட்டு அடுத்த ஊர்க்காரன் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்பான். அப்படித்தான் 1995இல் பீஷானுக்கும் பிராடலுக்கும் நடுவே போட்ட ஒரு துண்டு நாடு முழுக்கப் பரவியது.

இன்னொரு யோசனையும் சொல்லிவிடுகிறேன். அகல்விளக்கும் கொலு பொம்மையும் ஊறுகாய் ஜாடியும் செய்து ஊர் ஊராக அனுப்புகிற ஊர் நம்முடையது. வழிகாட்டிப் பலகைக்குத் தகரம் எதற்கு? மரத்தின் பெயர், பறவையின் பெயர், அடுத்த ஊருக்கு எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் பீங்கானில் எழுதிச் சுட்டுப் பதிக்கலாம். துருப்பிடிக்காது, வெயிலில் வெளுக்காது. விருத்தாசலத்தில் அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமே இருக்கிறது. அந்தப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி செய்து தருவார்கள். கிளேஸ் பூச ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளுக்கு எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடும். மணிமுத்தாற்றுக் கரையில் இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லாரும் இந்த வருஷம் அங்கே எழுந்து நின்று, “கரையில் நடக்க ஒரு பாதை வேண்டும்” என்று தீர்மானம் கேளுங்கள். விருத்தாசலத்துக்காரர்கள் நகராட்சியில் மனுக் கொடுங்கள். நல்லூரிலிருந்து முதல் கையெழுத்து என்னுடையது.